அறுபதுக்குக் கீழே

கூட்டம் சேர வேண்டும். ஆனால் யாரும் மூச்சு விடக் கூடாது. அந்த வருடத்துக்கான நிபந்தனையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

முதல் பாதியை விதித்தது நகரசபை. இரண்டாம் பாதியை விதித்தது தலைநகரத்திலிருந்த பெரிய மியூசியம். பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கு மாதிரி இரண்டுக்கும் நடுவில் நின்றவள், மக்கள் கலைக்கூடத்தின் காப்பாளர். ஓவிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாமல், சம்பளம் என்ற பேச்சே இல்லாத இந்த வேலையைக் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டவள்.

கலைக்கூடம் ஒரு காலத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்களின் சாப்பாட்டுக் கூடம். ஆலை மூடியபோது கட்டடம் ஊருக்கு வந்தது. கீழே முற்றமும் ஆபீஸ் அறையும். மாடியில் நீளமான பெரிய கூடம். கூடத்தின் மேற்குச் சுவரில், ஒரு பஸ்ஸைப் பக்கவாட்டில் நிறுத்தினால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு நீளத்துக்கு வெளிறிய கட்டம் ஒன்று இருக்கும். 'மதிய மணி' என்ற படம் தொங்கிய இடம் அது.

இந்த ஊர்க்காரர் ஒருவர், ஆலைத் தொழிலாளர்கள் அதே கூடத்தில் சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்து வரைந்த படம். யார் முகமும் கற்பனை இல்லை. மழையில் கூரை ஒழுகி, படத்தின் ஓரத்தில் வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தபோது, பெரிய மியூசியம் வந்து தூக்கிக்கொண்டு போனது. தகுந்த அறை தயாரானதும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அறை தயாராகவில்லை. ஊரும் கேட்கவில்லை. சுவரில் இருந்த கட்டம் மட்டும் பல் போன இடம் மாதிரி அப்படியே இருந்தது.

இப்போது கேட்டே ஆக வேண்டிய கட்டாயம். கட்டடத்தின் மேல் ஒரு பர்னிச்சர் கடைக்காரருக்குக் கண். யாரும் எட்டிப் பார்க்காத இடத்தைப் பூட்டி வைத்து என்ன பயன் என்று அவர் நகரசபையில் கேட்டார். கடைசியில் ஒரு வருடம் தவணை கொடுத்தார்கள். வருடக் கடைசிக்குள் கூடத்தில் ஜனங்கள் நடமாட வேண்டும், 'மதிய மணி' தன் இடத்துக்கு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சோபா செட்.

அந்தத் தவணையை மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு வாங்கி வந்தது காப்பாளரின் நாத்தனார். பல் டாக்டர், கலைக்கூடக் குழுவின் தலைவி. ஊர் வாயையெல்லாம் "இன்னும் பெருசா திறங்க" என்று அதட்டுகிறவள், தான் சிரிக்கும்போது மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அம்மா வழிப் பழக்கம். அந்த அம்மா, அதாவது காப்பாளரின் மாமியார், ஆலையில் நூல் முடிச்சுப் போட்டவர். 'மதிய மணி'யில் இடப்பக்கம் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர். உடைந்த முன்பல் தெரிய, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறாராம். வீட்டில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கூரை ஒழுகியபோது நாத்தனார் கைக்குழந்தை. அவளுக்கு நினைவு தெரிவதற்குள் படம் போய்விட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரிய மியூசியத்தில் படம் சுருட்டிக் கட்டிக் கிடங்கில் கிடந்தது. தொங்கவிடச் சுவர் கிடைத்தால்தான் பிரிப்போம் என்று, நாத்தனார் இருமுறை எழுதிக் கேட்டபோதும் சொல்லிவிட்டார்கள்.

வருடத் தொடக்கத்தில் பெரிய மியூசியத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். வயது முப்பதைத் தாண்டாத பெண். சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தவர் போல முகம். கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, படத்தின் எதிரி தண்ணீர் இல்லை, காற்றில் இருக்கும் ஈரம்தான் என்றார். ஈரம் ஏறினால் படம் வரைந்த துணி உப்பும், இறங்கினால் சுருங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, மேலே இருக்கும் வண்ணம் கழன்று விழும். சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து, வெளிறிய கட்டத்துக்கு நடுவில் ஆணியில் மாட்டினார். காற்றின் ஈரத்தை அளந்து முகத்தில் எண்ணாகக் காட்டும், உள்ளே நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பருவத்திலும் வந்து அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பார்.

"இந்த எண் அறுபதைத் தாண்டக் கூடாது. ஒரு வருஷம் தாண்டாம இருந்தா படம் வரும்."

"ஈரம் எதுனால ஏறும்?" என்று கேட்டாள் காப்பாளர்.

"மழை. அப்புறம் மனுஷங்க. ஒவ்வொருத்தர் மூச்சும் ஈரம்தான்."

அங்கேதான் கதை மாட்டிக்கொண்டது.

ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பைக் காப்பாளரின் கணவர் ஏற்றுக்கொண்டார். பிரிட்ஜ் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார், தங்கையும் மனைவியும் பேசுவதற்கு மிச்சம் இருந்தால்தானே. ஹோட்டல் ஒன்று கழித்துக் கட்டிய குளிர்சாதன மிஷினைப் பிரித்து, துடைத்து, கூடத்தின் மூலையில் நிறுவினார். போட்ட உடனே அது கனைத்த கனைப்பில் மாடத்தில் இருந்த புறாக்கள் குடிபெயர்ந்தன.

கூட்டத்துக்கு வழி கண்டுபிடித்தவள் காப்பாளர். ஓவியப் போட்டி, பரிசு, மாலை மரியாதை என்று குழுவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவள் வேறு ஒன்று செய்தாள். கடைத்தெருவில் கடை கடையாக ஏறி, காகிதமும் கரிக்கோலும் கொடுத்து, பக்கத்துக் கடைக்காரர் முகத்தை வரைந்து தரச் சொன்னாள். தன் முகத்தை இல்லை, போட்டிக்காரர் முகத்தை. எதிரெதிரே கடை வைத்து, பத்து வருஷமாக ஒருவரை ஒருவர் பார்த்தும் பாராமலும் இருந்த இரண்டு தையல்காரர்கள், முதல் தடவையாக ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். பெரிய தையல்காரர் சின்னவருக்குக் குடைக்கம்பி மாதிரி மூக்கு வைத்தார். சின்னவர் பெரியவருக்குக் காது வைக்கவே மறந்தார். கேட்டால், சொன்ன அளவு என்றைக்கு அவர் காதில் விழுந்தது என்றார்.

படங்கள் கூடத்தின் பக்கச் சுவர்களில் ஏறின. ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்தது. தன்னை எவன் எப்படி வரைந்திருக்கிறான் என்று பார்க்க ஒவ்வொருவரும் வந்தார்கள், சாட்சிக்குக் குடும்பத்தையும் அழைத்து வந்தார்கள். அடுத்த ஞாயிறு பதிலுக்கு வரைய வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு மருமகள்கள் மாமியார்களை வரைய ஆரம்பித்தார்கள், அதோடு கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் தானாகவே வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஊருக்கே அவர் கண்டக்டர்தான், சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். மாடிப்படி வாசலில் நின்று, "உள்ளே போங்க, உள்ளே போங்க, வழியில நிக்காதீங்க" என்று அவர் போட்ட சத்தத்தில் ஜனங்கள் பழக்க தோஷத்தில் சில்லறை தேடினார்கள்.

மூன்றாவது ஞாயிறு காப்பாளர் வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். அறுபத்தேழு. கண்டக்டர் பக்கத்தில் நின்றார். அவரிடம், "இந்தப் பெட்டி இப்படியே அறுபதைத் தாண்டிக்கிட்டே இருந்துச்சுன்னா நாம எல்லாம் வீட்டுக்குப் போயிரணும்" என்றாள். கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவள் திங்கட்கிழமைகளில்தான் எண்ணைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முற்றத்தில் காகிதம் கொடுப்பதும், அழித்துத் தரச் சொல்லி வருகிறவர்களைச் சமாதானப்படுத்துவதுமாகவே போய்விடும். திங்கட்கிழமை எண் ஒழுங்காக இருக்கும். கண்ணில் படுகிறவரிடமெல்லாம் ஈரம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு, ஊர் அவளுக்கு 'ஈரப்பதம் அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டது. மீன் வாங்கப் போனாலும் விடவில்லை. "அக்கா, மீன்ல ஈரப்பதம் சரியா இருக்கா பாருங்க."

முதல் பருவம் முடிந்து நிபுணர் வந்தார். கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். முதல் சில வாரங்கள் மோசம், அதற்குப் பின் பிரமாதம். முதல் வாரங்களை ஆரம்பத் தடுமாற்றமாகத் தள்ளிவிடலாம் என்று சொல்லி, குளிர்சாதனம் யார் கைவேலை என்று விசாரித்தார். கணவர் தலையைச் சொறிந்தார். இரண்டாவது தடவையும் பாராட்டு. அன்றைக்குக் கணவர் புதுச்சட்டை வாங்கினார். வாங்கியதோடு நிற்கவில்லை, அந்த மிஷினுக்கும் ஒரு உறை தைத்துப் போட்டார்.

மழைக்காலம் தொடங்கிய ஞாயிறு. கூடத்தில் நிற்க இடமில்லை. யாரோ முற்றத்து மேஜையில் தேநீரைக் கொட்டிவிட்டார்கள். விரிப்பு எடுக்கக் காப்பாளர் மாடிக்கு ஓடினாள். பெரிய கூடத்தில் சுவரோடு சுவராகப் பதித்த மர அலமாரி ஒன்று உண்டு. ஆலைக் காலத்து மேஜை விரிப்புகள் அதில் அடுக்கி இருக்கும், கனமான வெள்ளைப் பருத்தி. கதவைத் திறந்தாள்.

இரண்டு விரிப்புகளுக்கு நடுவில், தொட்டில் குழந்தை மாதிரி, வெள்ளைப் பெட்டி படுத்திருந்தது. ஐம்பத்தொன்று என்றது.

திரும்பிப் பார்த்தாள். எதிரே ஆணி மட்டும் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் வியர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

கண்டக்டரை ஆபீஸ் அறைக்கு அழைத்தாள். நாத்தனார் அங்கேதான் இருந்தாள். கண்டக்டர் மறைக்கவே இல்லை. கூட்டம் ஏறியதும் பெட்டியை எடுத்து உள்ளே வைப்பது, கூட்டம் இறங்கியதும் மறுபடி ஆணியில் மாட்டுவது. அந்த மூன்றாவது ஞாயிறிலிருந்து ஒரு நாள் தவறாமல் செய்து வந்திருக்கிறார். பெட்டி அறுபதைத் தாண்டக் கூடாது என்று காப்பாளரம்மாதான் சொன்னார்கள், தாண்டவில்லையே என்றார். அவர் முகத்தில் குற்ற உணர்வு இல்லை. செக்கிங் இன்ஸ்பெக்டரிடமிருந்து ஏழைப் பயணி ஒருவரைக் காப்பாற்றிய திருப்திதான் இருந்தது. பிறகு காப்பாளரின் முகத்தைப் பார்த்தார். திருப்தி மெல்ல இறங்கியது.

"தப்பு பண்ணிட்டேனாம்மா?"

அவரை வெளியே போகச் சொன்னவள் நாத்தனார். போனதும் கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்."

"உங்கண்ணனுக்கும் சொல்லணும்."

"அண்ணன் பேசமாட்டார். ஒரே ஒரு பருவம்தான் பாக்கி. இத்தனை மாசம் ஓடின வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடட்டும்."

காப்பாளர் போனைக் கையில் எடுத்தாள்.

"யாருக்கு?"

"நிபுணருக்கு."

நாத்தனாரின் முகம் சிவந்தது. அவள் பேசியதில் பாதி இங்கே எழுதும்படியாக இல்லை. மீதியின் சாரம் இது. நகரசபையில் அத்தனை பேர் முன்னால் மேஜையைத் தட்டியவள் அவள். நாளைக்கு அந்த பர்னிச்சர்காரர் முகத்தில் எப்படி முழிப்பாள்? அண்ணிக்கு இதெல்லாம் ஒரு வேலை, தனக்கு அப்படியா? கடைசியில் குரல் இறங்கியது. "எங்கம்மாவை நான் பார்க்க வேண்டாமா அண்ணி?"

"பார்க்கணும்" என்றாள் காப்பாளர். "ஒரு தடவை இல்ல, தினம் வந்து பார்க்கணும். இவ்வளவு நாளும் பெட்டி அலமாரிக்குள்ள இருந்துச்சு. படம் சுவத்துல இருக்கப் போகுது. இந்தக் காத்துல அது ரெண்டு மழை தாங்குமா? உங்கம்மா முகம் செதில் செதிலா தரையில விழும். துடைப்பத்தால கூட்டி அள்ளுவியா?"

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள். காப்பாளர் எண்ணை அழுத்தினாள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கண்டக்டரை மாட்டிவிடவும் இல்லை. பெட்டிக்குப் பொறுப்பு நான், பார்க்க வேண்டிய நேரத்தில் நான் பார்க்கவில்லை என்றாள். மறுமுனையிலிருந்து, வருகிறேன் என்ற ஒரே வார்த்தை.

நிபுணர் வந்தார். இதுவரை பதிவானது எல்லாம் குப்பை என்றார். இதை வைத்து படம் தர முடியாது என்றார். சொல்லிவிட்டுக் கைப்பையை மூடப் போனவரைக் காப்பாளர் மறித்தாள்.

"எது எங்களுக்கு ரொம்பக் கஷ்டமான மாசம்?"

"இனிமே வர்றதுதான். மழை."

"அதுல நாங்க தாக்குப் பிடிச்சா?"

நிபுணர் அவளைப் பார்த்தார். யோசித்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்தார். வெள்ளைப் பெட்டியை ஆணியிலிருந்து கழற்றி, சுவரோடு சேர்த்து நான்கு மூலையிலும் திருகினார், திருகின் மேல் கையெழுத்துப் போட்ட சீட்டை ஒட்டினார். இன்றைக்கிலிருந்து புதுக் கணக்கு. சரிப்படுத்த ஒரு மாதம் தருகிறேன். அதற்குப் பின் ஒரு தடவை அறுபதைத் தாண்டினாலும் என்னைக் கூப்பிட வேண்டாம். "கூட்டத்தைக் குறைச்சு ஏமாத்தக் கூடாது. வருஷக் கடைசியில ஒரு ஞாயிறு வருவேன். சொல்லாம வருவேன்."

புதுக் கணக்கின் முதல் ஞாயிறு அறுபத்தாறு. இரண்டாவது ஞாயிறு அறுபத்தைந்து, அதுவும் கணவர் இன்னொரு மிஷினைக் கொண்டுவந்து சேர்த்த பிறகு. அவர் பேச்சு இன்னும் குறைந்துபோனது. பாராட்டெல்லாம் அலமாரிக்குப் போய்ச் சேர வேண்டியது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் புதுச்சட்டையை அவர் தொடவே இல்லை. மிஷினுக்குப் போட்ட உறையையும் கழற்றிவிட்டார்.

தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டுக் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்த காப்பாளருக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. கண்டக்டர் ஒவ்வொரு ஞாயிறும் அலமாரியைத் திறந்திருக்கிறார், மூடியிருக்கிறார். காற்றுப் புகாத அலமாரியும் இல்லை, கதவு இடுக்கில் விரல் போகும். கூடம் வியர்த்துக் கொட்டிய நேரத்தில் அதற்குள் மட்டும் எப்படி ஐம்பத்தொன்று?

"உங்க வேலைக்கு ஒரு ஈரமானி வச்சிருக்கீங்களே, அதைக் குடுங்க" என்றாள் கணவரிடம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததுதான் அவரிடம் அவளுக்குப் பிடித்தது.

ஆபீஸ் அறையிலிருந்த காலி அலமாரியை நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். ஞாயிறு கூட்டத்தில் ஈரமானியை அதற்குள் வைத்து மூடினாள். ஏறியது. விரிப்பு அடுக்கிய சுவர் அலமாரிக்குள் வைத்தாள். அசையவில்லை. விரிப்புகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு வைத்தாள். ஏறியது.

காப்பாற்றியது அலமாரி இல்லை. உள்ளே இருந்த பருத்தி. காற்றில் ஈரம் கூடினால் துணி குடித்துக்கொள்கிறது, காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுக்கிறது. அலமாரி அளவு காற்றுக்கு அடுக்கு அளவு துணி. அப்படியானால் கூடம் அளவு காற்றுக்கு?

"ஊர் அளவு துணி" என்றாள்.

கண்டக்டரைக் கூப்பிட்டாள். அவர் அந்த ஞாயிறுக்குப் பிறகு வாசல் பக்கமே வரவில்லை. வீட்டுக்கே போய்த்தான் அழைக்க வேண்டியிருந்தது. மன்னிப்பெல்லாம் பேசவில்லை. வேலை இருக்கிறது, தெருத் தெருவாகக் குரல் கொடுக்க ஆள் வேண்டும் என்றாள். மறுநாள் காலையில் அவர் விசில் சத்தம் கடைத்தெருவைத் தூக்கிவாரிப் போட்டது. பழைய பருத்தித் துணி எதுவானாலும் கொடுங்கள், போர்வை, படுக்கை விரிப்பு, சட்டை, துண்டு. நைலான் கொடுப்பவர்கள் இறக்கிவிடப்படுவார்கள்.

முற்றம் நிறைந்தது. ஆலை மூடிய நாளன்று யாரோ வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பெட்டியடியில் வைத்திருந்த கடைசி உருளைத் துணிகூட வந்தது. கொடுத்தவர் பெயர் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

தைப்பது யார்? பெரிய தையல்காரரும் சின்னத் தையல்காரரும் ஒரே கூரைக்கு அடியில் உட்கார வேண்டியதாயிற்று. முதல் நாள் ஒருவருக்கொருவர் முதுகு காட்டித் தைத்தார்கள். இரண்டாம் நாள் சின்னவர், பெரியவர் போட்ட தையலைப் பார்த்து, கண் தெரியவில்லையா என்றார். உன் மூக்கு மறைக்கிறது என்றார் பெரியவர். அதற்குப் பின் வேலை வேகம் பிடித்தது. துணிகள் கூரையிலிருந்து தரை வரை, மடிப்பு மடிப்பாக, கூடத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் இறங்கின. எந்தத் துணியை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பதை முடிவு செய்தவள் காப்பாளர். நீலங்கள் ஜன்னலோரம், வெள்ளைகள் மேற்குச் சுவருக்குப் பக்கம், நடுவில் வெளுத்துப் போன சிவப்புகள். அத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு வண்ணம் சொல்லிக் கொடுத்த கை. ஊர்க்காரர்கள் வரைந்த முகங்கள் அந்த மடிப்புகளுக்கு இடையில் எட்டிப் பார்த்தன.

அந்த ஞாயிறு எண் அறுபத்திரண்டு.

ஈரம் குடித்த துணியைக் காய வைத்தால்தான் மறுபடி குடிக்கும். மழையில் எங்கே காய வைப்பது? பேக்கரிக்காரரின் அடுப்புக்கு மேலே ஒரு பரண், வருஷம் முழுக்கக் கதகதப்பு. அவரை ஒப்புக்கொள்ள வைத்தது நாத்தனார். அவருடைய கடைவாய்ப்பல் அவள் கையில் இருந்த நேரத்தில் கேட்டாளாம், அவரால் மறுக்கும்படியான நிலைமை இல்லை. வாரா வாரம் துணிகள் கைவண்டியில் போயின, ரொட்டி வாசத்தோடு திரும்பி வந்தன. படம் பார்க்க வந்தவர்கள் பசியோடு இறங்கினார்கள். பேக்கரிக்காரருக்கு அதிலும் நஷ்டமில்லை.

காய்ந்த துணியோடு வந்த ஞாயிறு, ஐம்பத்தெட்டு. நிபுணர் கொடுத்த மாதம் அந்த வாரம்தான் முடிந்தது. காப்பாளர் அதை யாரிடமும் சொல்லிக் கொண்டாடவில்லை. இன்னும் மழை இருக்கிறது என்றாள்.

இருந்தது. வருடக் கடைசியில் ஒரு ஞாயிறு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கண்டக்டர் வாசலில் நின்று குடைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு குடைக்குக் கீழே பார்த்தால் நிபுணர். கண்டக்டர் சத்தமாக, "உள்ளே போங்க" என்றார், ஆனால் குரல் ஒரு படி நடுங்கியதில் மாடி வரை செய்தி போய்விட்டது.

நிபுணர் யாரிடமும் பேசாமல் வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். ஐம்பத்தேழு. கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தெட்டு. நனைந்த சட்டைகள், நனைந்த தலைகள். ஐம்பத்தொன்பது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.

இரண்டு மிஷின்களும் கடைசி மூச்சு விட்டு நின்றன. கணவர் எழுந்து மாடிப்படியில் பாய்ந்து இறங்கினார், ஜெனரேட்டர் பின்கட்டில் இருந்தது. கூடத்தில் ஆட்கள் வாசலைப் பார்த்து நகரத் தொடங்கினார்கள். நிலைமையைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது. நாத்தனாரும், எல்லாரும் கீழே இறங்குங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

"யாரும் இறங்க வேண்டாம்" என்றாள் காப்பாளர். "படம் இங்க தொங்கும்போதும் கரண்ட் போகும். இப்பவே தெரிஞ்சுக்கலாம்."

எல்லோரும் நின்றார்கள். பெட்டியின் எண் அறுபதுக்கு மாறியது. கூடத்தில் ஒரு சத்தமில்லை. மழைச் சத்தம் மட்டும்தான். காப்பாளருக்கு ஏதோ விநோதமாகப் பட்டது. திரும்பிப் பார்த்தாள். பெரிய தையல்காரரின் கன்னம் உப்பியிருந்தது. சின்னவருடையதும். பேக்கரிக்காரர் முகம் சிவந்து கண் பிதுங்கியது. கூடம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நிபுணரும் திரும்பினார். ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், ஒரு வருடமாக வீட்டில் பூட்டி வைத்திருந்த அந்தச் சிரிப்பு எப்படியோ பூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"மூச்சு விடுங்க" என்றார். "அதைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்."

கூடம் ஒரே நேரத்தில் விட்ட மூச்சில் துணி மடிப்புகள் லேசாக அசைந்தன. எண் அறுபதிலேயே நின்றது. நின்றது, நின்றது, பின்கட்டில் ஜெனரேட்டர் இருமி இருமி உயிர் பிடித்து மிஷின்கள் கனைக்கும் வரை அறுபதை விட்டு ஒரு இம்மி நகரவில்லை. பிறகு ஐம்பத்தொன்பது.

நிபுணர் துணி மடிப்பு ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். ரொட்டி வாசம் என்று மட்டும் சொன்னார்.

தவணை முடிவதற்கு முந்தின வாரம் லாரி வந்தது. கலைக்கூடத்துச் சந்து குறுகல், டிரைவர் ரிவர்ஸில் வர மறுத்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போய் நின்றார். "வரலாம் வரலாம்... லெப்ட்ல ஒடிச்சு... வரலாம்... ஹோல்டான்." வாழ்நாளில் எத்தனையோ பஸ்களை நிறுத்தியவர், இந்த ஒன்றை நிறுத்திவிட்டு அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மரப்பெட்டி கூடத்துக்கு ஏறியது. உடனே திறக்கக் கூடாதாம். கூடத்துக் காற்றுக்குப் பெட்டி பழக வேண்டும், ஒரு நாள் அப்படியே வைக்கச் சொல்லியிருந்தார் நிபுணர். அளவு நாடாவோடு இடம் பார்க்க வந்த பர்னிச்சர் கடைக்காரர், தன் சோபாவுக்குக் குறித்து வைத்த இடத்தில் பெட்டியைப் பார்த்தார். நாடா சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டது. போகிற போக்கில் பக்கச் சுவரில் தன் முகம் இல்லையே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நிபுணரின் ஆட்கள் பெட்டியைப் பிரித்து, படத்தைச் சட்டத்தில் பூட்டி, வெளிறிய கட்டத்தில் ஏற்றினார்கள். வெள்ளைப் பெட்டி இப்போது பக்கத்தில் இடம் மாறி, மறுபடி திருகப்பட்டிருந்தது. கணவர் அந்தப் புதுச்சட்டையைப் போட்டிருந்தார்.

நாத்தனார் இடப்பக்கம் மூன்றாவது ஆளுக்கு முன்னால் போய் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். காப்பாளர் அவள் பக்கத்தில் போய் நிற்கவில்லை, இரண்டடி பின்னால் நின்றாள்.

"மேல் வரிசை, முன்பல்லு, பாதிக்கு மேல போயிருக்கு" என்றாள் நாத்தனார், நோயாளியைப் பார்த்த குரலில். "ஒரே நாள்ல கட்டியிருப்பேன் அண்ணி." பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கை வாயை நோக்கி எழுந்தது. பாதி வழியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் தொங்கிய துணியைப் பிடித்துக்கொண்டது.

காப்பாளர் படத்தைப் பார்க்கவில்லை. அதற்கு இனி நாள் இருக்கிறது. அவள் எண்ணைப் பார்த்தாள். ஐம்பத்து நான்கு. மாடிப்படி வரைக்கும் போய், கீழே சந்து முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற ஊரைப் பார்த்தாள்.

"கண்டக்டரே, விடுங்க எல்லாரையும்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

விசில் ஊதியது.